அரிய நோயா, கூட்டப்படாத நோயா?

குரல்வளையில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் புற்றுகளைப் பற்றி நம் மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை வாசிக்காமலே ஊகித்துவிடலாம். "இது மிக அரிய நோய்" என்று முதல் வரி தொடங்கும். அடுத்து ஒரு நோயாளியின் வயது, பால், பீடிப் பழக்கம். பிறகு ஊதாவும் இளஞ்சிவப்புமாக இரண்டு நுண்ணோக்கிப் படங்கள். சிகிச்சை அளிக்கப்பட்டது, சில மாதங்கள் நலமாக இருந்தார் என்பதோடு அந்த மனிதர் கட்டுரையைவிட்டு வெளியேறிவிடுவார். "சிகிச்சை குறித்து ஒருமித்த கருத்து இல்லை, மேலும் ஆய்வுகள் தேவை" என்று கடைசி வரி வரும். அந்த மேலும் ஆய்வுகளைச் செய்ய வேண்டியவர் யார் என்பதை மட்டும் எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை.

இந்த 'அரிது' என்ற சொல்லைக் கொஞ்சம் கணக்கின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். குரல்வளைப் புற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை செதிள் அணுப் புற்றுகள். நியூரோஎண்டோகிரைன் வகைகள் அனைத்தும் சேர்ந்தே அரை முதல் ஒரு விழுக்காடுதான் என்பது நூல்கள் பொதுவாகத் தரும் மதிப்பீடு. உலகப் புற்றுநோய்க் கணக்கான குளோபோகானின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000க்கும் மேற்பட்டோர் புதிதாகக் குரல்வளைப் புற்றுக்கு ஆளாகிறார்கள். அந்த விழுக்காடு இங்கும் பொருந்துமானால் ஆண்டுக்கு 150 முதல் 300 பேர். மறுபக்கம், நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகர மருத்துவர்கள் உலக ஆய்விதழ்களையெல்லாம் சலித்து 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் இருந்தவர்கள் மொத்தம் 436 பேர். குரல்வளையில் இவ்வகைக் கட்டி முதன்முதலாக விவரிக்கப்பட்டது 1969இல். ஆக, உலகம் நாற்பத்தைந்து ஆண்டுகளில் எழுதிச் சேர்த்த எண்ணிக்கையை இந்தியா மூன்றே ஆண்டுகளில் தாண்டிவிடும். விகிதத்தில் அரிதாக இருக்கும் ஒரு நோய், 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் எண்ணிக்கையிலும் அரிதாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அந்த நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நியூரோஎண்டோகிரைன் என்ற சொல்லை இந்தியப் பொதுமக்கள் கேள்விப்பட்டதே 2018இல், நடிகர் இர்ஃபான் கான் தம் நோயை அறிவித்தபோதுதான். 2020இல் அவர் மறைந்தார். நரம்பணுவின் இயல்பும் நாளமில்லாச் சுரப்பியின் இயல்பும் ஒருங்கே கொண்ட அணுக்கள் உடலின் பல பகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் தன்மையைக் கொண்ட கட்டிகளுக்கே இந்தப் பெயர். குடலிலும் கணையத்திலும் நுரையீரலிலும் வருபவை ஓரளவு ஆராயப்பட்டவை. குரல்வளையில் வருபவை அப்படியல்ல. பெரும்பாலும் புகைப்பழக்கம் உள்ள, அறுபதை ஒட்டிய வயதினரான ஆண்களுக்கு, குரல்நாண்களுக்கு மேற்பட்ட பகுதியில் தோன்றுகின்றன. குரல் கம்முவது, விழுங்கும்போது வலிப்பது, தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல் இருப்பது ஆகியவை அறிகுறிகள். சிலருக்குக் காதில் வலி வரும்; காதைச் சோதித்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

இவை ஒரு நோயல்ல என்பதுதான் இங்கே அடிப்படையான செய்தி. கிரோனிங்கன் தொகுப்பாய்வின்படி, ஐந்தாண்டு முடிவில் இந்நோயால் இறக்காதோர் விகிதம் 'டிப்பிகல் கார்சினாய்டு' வகையில் 100 விழுக்காடு. அந்த வகை நோயாளர் மிகச் சிலரே என்பதால் இந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும். 'எடிப்பிகல் கார்சினாய்டு' வகையில் 53. சிற்றணுப் புற்றில் 19. பேரணுப் புற்றில் 15. ஒரே பொதுப்பெயரின் கீழ் ஏறத்தாழ முழு ஆயுளும் இருக்கிறது, ஓரிரு ஆண்டுகளும் இருக்கின்றன.

சிகிச்சைகளோ ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செல்பவை. முதல் வகைக்குக் கட்டியை மட்டும் அகற்றும் அளவான அறுவை போதும். இரண்டாம் வகை கதிர்வீச்சுக்கும் கீமோதெரபிக்கும் எளிதில் மசியாது; அறுவைதான் முதன்மை வழி. அதோடு கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் அகற்றாமல் விட்டால் நோய் பின்னர் கழுத்தில் தலைகாட்டும் வாய்ப்பு அதிகம். சிற்றணுப் புற்றில் நிலைமை தலைகீழ். கண்டறியும் வேளையிலேயே அது பெரும்பாலும் உடலில் பரவியிருக்கும். குரல்வளையை முழுதாக எடுத்தாலும் ஆயுள் நீளாது. நுரையீரல் சிற்றணுப் புற்றுக்குத் தருவதுபோல் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு மருந்துகளும் கதிர்வீச்சும்தான் அதற்கு வழி. அதாவது ஒரு வகையில் குரல்வளையைக் காப்பாற்றுவதாக எண்ணிக் கதிர்வீச்சோடு நின்றால் உயிர் போகலாம். இன்னொரு வகையில் உயிரைக் காப்பாற்றுவதாக எண்ணிக் குரல்வளையை எடுத்தால் குரல் மட்டும் போகும், உயிரும் மிஞ்சாது.

செதிள் அணுப் புற்றுக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 332 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. முதலில் கீமோதெரபியும் பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் குரல்வளையை இழக்காமல் இருந்தனர். உயிர்பிழைப்பு விகிதமும் குறையவில்லை. குரல்வளைப் புற்று மருத்துவத்தையே திருப்பிப்போட்ட ஆய்வு அது. அதன் படிப்பினையை வேறோர் அணுவகைக்கு அப்படியே பொருத்துவதற்கு அந்த ஆய்வு எந்த ஆதாரமும் தரவில்லை. ஆனால் 'குரல்வளைப் புற்று' என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் நெறிமுறையும் ஒன்றாகிவிடும் ஆபத்து எந்த மருத்துவமனையிலும் உண்டு.

பெயர்கள் செய்த குழப்பம் தனிக்கதை. 'கார்சினாய்டு' என்ற சொல்லை 1907இல் உருவாக்கியவர் ஜெர்மானிய நோயியலாளர் ஓபெர்ன்டோர்ஃபர். 'புற்றைப் போன்றது' என்பது அதன் பொருள். புற்று இல்லை, சாதுவானது என்ற நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே உறைந்திருந்தது. இவற்றில் கொடியவையும் உண்டு என்று 1929இல் அவரே ஒப்புக்கொண்டார். சொல் மட்டும் மாறவில்லை. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ பாதிப்பேரைக் கொல்லும் ஒரு நோய்க்குச் சாதுவான பெயர் வாய்த்தது இப்படித்தான்.

இந்தக் காட்டில் முதலில் பாதை வெட்டியவர்களில் ஒருவர் தமிழர் என்பது நம் பல்கலைக்கழகங்களில் பலருக்கும் தெரியாது. சிங்கப்பூர் நோயியலாளர் கனகரத்தினம் சண்முகரத்தினம், மேல் சுவாசப்பாதை மற்றும் காதுக் கட்டிகளை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவன நூலின் இரண்டாம் பதிப்பை 1991இல் கொண்டுவந்தார். படைவீரர் ஆய்வு வெளியான அதே ஆண்டு. குரல்வளையின் கார்சினாய்டு, எடிப்பிகல் கார்சினாய்டு, சிற்றணுப் புற்று, பாராகாங்கிலியோமா ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது அந்த நூல். சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1960களின் பிற்பகுதியில் தொடங்கி வைத்தவரும் அவரே. வகைப்படுத்துவதும் எண்ணுவதும் ஒரே வேலையின் இரு கைகள் என்பதை அறிந்திருந்தவர். சிங்கப்பூரின் இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தை என்று சொன்னால்தான் இங்கே பலர் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பது வேறு செய்தி.

அவருக்குப் பின் பெயர்கள் மேலும் இரண்டு முறை மாறின. 2017 பதிப்பில் 'நன்கு', 'நடுத்தரமாக', 'குறைவாக' வேறுபாடடைந்த புற்று என்று ஆயின. 2022இல் கட்டி என்றும் புற்று என்றும் இரண்டாகப் பிரிந்து, கட்டிக்கு முதல், இரண்டாம், மூன்றாம் தரங்கள் வந்தன. இதற்கெல்லாம் அறிவியல் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் விளைவு என்ன? 2004இல் ஒரு பெயரில் அச்சான நோயாளியும் 2019இல் வேறொரு பெயரில் அச்சான நோயாளியும் ஒரே நோயுடையவர்களா என்பதை, மூலத் திசுவை மீண்டும் பார்த்தால் ஒழியச் சொல்ல முடியாது. இது வெறும் அச்சமல்ல. குரல்வளைப் பாராகாங்கிலியோமா அனேகமாக எப்போதும் தீங்கற்றது. எனினும் 'கொடிய பாராகாங்கிலியோமா' என்று இதழ்களில் ஒரு காலத்தில் பல நோயாளர்கள் பதிவாயினர். இத்தாலியின் அல்ஃபியோ ஃபெர்லிட்டோ போன்றோர் அவற்றை மறுபடி ஆராய்ந்தபோது, அவர்களில் பலருக்கு இருந்தது எடிப்பிகல் கார்சினாய்டு என்று தெரியவந்தது. அச்சேறிய இலக்கியமே தவறான பெயரைச் சுமந்திருந்தது.

இன்னொரு பொறி தைராய்டில் இருக்கிறது. எடிப்பிகல் கார்சினாய்டின் திசுவைச் சாயமேற்றிப் பார்த்தால் பெரும்பாலும் கால்சிட்டோனின் என்ற ஹார்மோன் தென்படும். தைராய்டின் மெடுல்லரி புற்றுக்கும் அதுவே அடையாளம். கழுத்துக் கணுவிலிருந்து எடுத்த துணுக்கு மட்டும் மேசைக்கு வந்து, குரல்வளையை யாரும் உள்நோக்கிக் கருவியால் பார்த்திருக்காவிட்டால், குற்றமற்ற தைராய்டை எடுத்துவிட்டுக் குற்றவாளியைத் தொண்டையிலேயே விட்டுவைக்க நேரும். இரண்டையும் பிரித்தறியப் பெருஞ்செலவு தேவையில்லை. மெடுல்லரி புற்றில் இரத்தத்திலும் கால்சிட்டோனின் உயர்ந்திருக்கும். குரல்வளைக் கட்டியில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஒரு குழல் இரத்தம் போதும். அதைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும்.

இதையெல்லாம் பெங்களூரின் நீலசந்திராவில் நின்று பார்க்கலாம். கண்டோன்மென்ட் காலம் முதல் தமிழர் குடியேறி வந்த நகரப் பகுதிகளின் தொடர்ச்சி அது. தமிழும் கன்னடமும் உருதும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கும் குறுகிய தெருக்கள். அங்கிருந்து ஓசூர் சாலையில் உள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் சில கிலோமீட்டர் தொலைவுதான். 1973இல் உருவான அந்நிறுவனத்தில் 1982 முதல் நகர மக்களின் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகிறது. சென்னை, மும்பையோடு சேர்த்து நாட்டின் பதிவேட்டுத் திட்டத்தில் முதலில் இடம்பெற்ற மூன்று நகரங்களில் பெங்களூரும் ஒன்று. நாட்டின் பதிவேடுகளையெல்லாம் தொகுக்கும் தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையமும் இதே நகரில்தான் இருக்கிறது. இந்தியாவில் புற்றுநோயை எண்ணும் தொழிலுக்குத் தலைநகர் ஒன்று உண்டென்றால் அது பெங்களூர்தான்.

நீலசந்திராவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஒருவருக்கு, கூவி விற்பதே பிழைப்பாக உள்ள ஒருவருக்கு, இந்நோய் வருவதாக வைத்துக்கொள்ளலாம். அவர் பதிவேட்டில் எங்கே போவார்? சி-32 என்ற இடத்துக்கு. குரல்வளைக்கான சர்வதேசக் குறியீடு அது. அணுவகைக்கும் தனிக் குறியீடுகள் இருக்கின்றன: சிற்றணுப் புற்றுக்கு 8041, கார்சினாய்டுக்கு 8240, எடிப்பிகல் கார்சினாய்டுக்கு 8249. ஆனால் வெளியாகும் அறிக்கைகளின் முதன்மை அட்டவணைகள் உறுப்புவாரியானவை. அங்கே சி-32 என்ற ஒற்றை வரியில் செதிள் அணுப் புற்றோடு இவரும் கரைந்துபோவார். அவருடைய மருத்துவர் அடுத்த முறை இதே நோயைச் சந்திக்கும்போது, அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்களைக் கொண்டுதான் முடிவெடுப்பார். அமெரிக்காவின் சீர் பதிவேட்டில் அணுவகைவாரியாகத் தேடலாம். ஆய்வு மாணவர் எவரும் விண்ணப்பித்துத் தரவைப் பெறலாம். இங்கே சேகரித்த தரவு இங்கேயே பூட்டிக் கிடக்க, அங்கே சேகரித்ததை இங்கே மேற்கோள் காட்டுகிறோம்.

எண்ணாததற்கு ஈடாக நம் கல்விப்புலம் கண்டுபிடித்த பண்டம்தான் தனிநோயாளர் அறிக்கை. அதை முற்றாக இழிவுபடுத்துவது நியாயமாகாது; 1969இன் முதல் விவரிப்பும் அந்த வகையில் வந்ததே. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதே வடிவில் அதையே எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அறிவியல் அல்ல. முதுநிலை மாணவர் படிப்புக் காலத்தில் ஒரு சுவரொட்டி வைக்க வேண்டும், ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும், இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி வகுத்தது. நோக்கம் நல்லது. மூன்றாண்டுப் பணிச்சுமைக்கிடையே அதை நிறைவேற்ற எளிய வழி, அரிய நோய் ஒன்று வார்டில் படுத்திருப்பது. பத்து மருத்துவமனைகளில் பத்துப் பேர் படுத்திருந்தால் பத்து அறிக்கைகள் வரும். பத்துப் பேரைக் கொண்ட ஒரே ஆய்வு வராது. பத்துப் பெயர்களை ஒரு கட்டுரையின் தலையில் பங்கிட்டுக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. முதல் பெயர் யாருடையது என்ற சச்சரவில் கரைந்த கூட்டாய்வுகளின் கதையை எந்தத் துறையிலும் கேட்கலாம்.

அந்த அறிக்கைகளின் உள்ளடக்கமும் சிகிச்சைக்கு உதவுவதாக இல்லை. வியப்பூட்டும் நோயாளர் அச்சேறுகிறார். வழக்கமாக இறந்தவர் ஏறுவதில்லை. கண்காணிப்புக் காலம் ஆறு மாதம், எட்டு மாதம் என்று நிற்கிறது. எடிப்பிகல் கார்சினாய்டோ ஆண்டுகள் கழித்துத் தோலில்கூட வலியுள்ள முடிச்சுகளாகத் திரும்பி வரும் நோய். ஆறு மாதம் நலம் என்பதற்கு அந்நோயில் என்ன பொருள்? மாணவரின் தேர்வு முடிந்தது என்பது மட்டும்தான்.

வழக்கமான மறுப்பு ஒன்று உண்டு. வாய்ப்புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் ஆயிரக்கணக்கில் கொல்லும் நாட்டில் இந்த ஆடம்பரம் எதற்கு என்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் ஐரோப்பியக் கூட்டாய்வு ஒன்று, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருவதே அரிய புற்று என்று வரையறுத்துக் கணக்கிட்டபோது, அத்தகைய புற்றுகள் அனைத்தும் சேர்ந்து மொத்தப் புற்றுநோயில் ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டின. ஒவ்வொன்றாக ஒதுக்கினால் ஐந்தில் ஒருவரை ஒதுக்கியதாகிவிடும். அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையோ பெரும்பாலும் மரபணுக் கோளாறுகளை மனத்தில் கொண்டது; அரிய புற்றுகளுக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. புற்றுநோய்த் திட்டத்தில் அரியதென்றும், அரிய நோய்த் திட்டத்தில் புற்றென்றும் இவர்கள் இரு வாசலிலும் திருப்பியனுப்பப்படுகிறார்கள்.

தவிர, இங்கே கேட்கப்படுவது பெரும்பணம் அல்ல. மெழுகில் பதித்த திசுத்துண்டு அறை வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கெடாது, கூரியரில் அனுப்பலாம். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயங்கள் மாவட்ட ஆய்வகத்தில் இல்லாவிட்டால் அவை இருக்கும் இடத்துக்குத் துண்டு பயணம் செய்யட்டும். 2012இல் டாட்டா நினைவு மையத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் இன்று 300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. கடினமான நோயாளரை இணையவழியே பல ஊர் வல்லுநர்கள் கூடி விவாதிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. பாதை போட்டாயிற்று. குரல்வளை நியூரோஎண்டோகிரைன் புற்று என்று ஐயம் எழுந்த ஒவ்வொருவரின் திசுவும் அறுவைக்கு முன் அந்தப் பாதையில் ஒருமுறை போய்வர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்க எந்தப் புதிய சட்டமும் வேண்டியதில்லை.

ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் முதுநிலை ஆய்வேடுகளை மலைபோல் பெறுகின்றன. ஒரு கல்லூரி, ஒரு மாணவர், ஒரு தலைப்பு என்ற அமைப்பைத் தளர்த்தி, பல கல்லூரி மாணவர்கள் ஒரே நோயின் பழைய திசுத்துண்டுகளை 2022 வகைப்பாட்டின்படி மறுபடி பார்த்துத் தொகுப்பதையும் ஆய்வேடாக ஏற்கலாம். நோயாளி தேவையில்லை, மருந்து தேவையில்லை. அலமாரியில் இருக்கும் துண்டுகளும் பொறுமையும் போதும். இது மாணவர்கள் கேட்டால் நடக்கக்கூடிய மாற்றம். வழிகாட்டிகள் தாமாக முன்வருவார்கள் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

மலிவாக முடியாது என்று சொல்வோருக்கு இதே நகரில் ஒரு பதில் இருக்கிறது. குரல்வளை அகற்றப்பட்டவர் மீண்டும் பேசப் பொருத்தப்படும் சிறு கருவி இறக்குமதியானால் பல ஆயிரம் ரூபாய். சில மாதங்களுக்கொருமுறை மாற்றவும் வேண்டும். பெங்களூரின் தலை-கழுத்துப் புற்று அறுவை மருத்துவர் விஷால் ராவ், ஏறத்தாழ 50 ரூபாயில் அதை உருவாக்கிக் காட்டினார். ஐம்பது ரூபாயில் குரலைத் திருப்பித்தர முனைந்த நகரத்தில், தேவையில்லாத இடத்தில் குரல் போகாமல் தடுப்பதை ஆடம்பரம் என்று சொல்வது ஒட்டவில்லை.

நோயாளி தொடர்ந்து வருவதில்லை, நாங்கள் என்ன செய்வோம் என்ற முறையீடு மிச்சமிருக்கிறது. அது உண்மைதான், கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும், வாடகை வீடு மாறும். ஆனால் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நோயாளி பதிவின்போது தந்த கைபேசி எண்ணுக்கு அழைப்பு போகும். பெரும்பாலும் அது அவருடைய சொந்த எண். குரல்வளை அகற்றப்பட்ட ஒருவர் அந்த அழைப்பை எடுத்து, கழுத்துத் துளையின் வழியே மூச்சு மட்டும் வர, மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று இருமுறை கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். பதிவேட்டில் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று ஏறும். பதிவுப் படிவத்தில் வீட்டிலுள்ள இன்னொருவரின் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்ப்பதற்கு எந்த ஆய்வு நிதியும் வேண்டியதில்லை.